முதல் ஓட்டும் படிவம் 26-ம்

61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. கல்லூரி முதலாண்டு மாணவனுக்கும், பனியன் கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் ஆள்வது யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடைத்தது. அந்த அதிகாரத்தோடு ஒரு கடமையும் சேர்ந்து வந்ததா? வேட்பாளர் யார் எவர் என்று விசாரிக்காமல், வீட்டில் வழக்கமாகப் போடும் சின்னத்துக்கே பொத்தானை அழுத்திவிட்டு வருவது தவறா?

விசாரித்துத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு என்பதில்தான் மக்களாட்சியின் மானமே இருக்கிறது. ஆனால் சட்டம் கேட்காததை அறம் கேட்கும். யோசிக்காமல் ஒரு கைபேசியை வாங்கினால் நஷ்டம் வாங்கியவரோடு போகும். யோசிக்காமல் போட்ட ஓட்டின் நஷ்டமோ பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலையும் விவசாயிக்கும், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் கர்ப்பிணிக்கும், இன்னும் ஓட்டே இல்லாத குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. பிறர் தலையில் விடியும் காரியத்தை விசாரிக்காமல் செய்வது, குறைத்துச் சொன்னாலும், அலட்சியம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, சட்டமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். கட்சி சொன்னபடிதான் கை தூக்கப் போகிறார் என்றால், ஆளைப் பார்த்து என்ன பயன், கட்சியைப் பார்த்தால் போதாதா? நேர்மையான கேள்விதான். கொள்கைக்காக ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுவதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் கொறடாவின் கட்டளை மன்றத்து வாக்கெடுப்போடு நின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் வரும் தொகுதி மேம்பாட்டு நிதி எந்தத் தெருவுக்குப் போகிறது, ஏரியில் மண் அள்ளுகிறவன் பக்கம் நிற்பதா அள்ளவிடாமல் தடுப்பவர் பக்கம் நிற்பதா, காவல் நிலையத்துக்கு யாருக்காகப் போன் செய்வது - இவற்றையெல்லாம் அந்த மனிதரின் குணம்தான் முடிவு செய்கிறது. மேலும், எப்படிப்பட்டவரை நிறுத்துகிறது என்பதை வைத்தே கட்சியையும் எடை போடலாம். குற்ற வழக்கு உள்ளவரைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைப் படிக்க ஆளில்லாவிட்டால் உத்தரவு வெறும் காகிதமாகிவிடும்.

விசாரிப்பது என்றால் என்ன? வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைத் தருகிறார். 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நிலுவை வழக்கு இருந்தால் காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப் பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்பது வரை அதில் இருக்கும். நிலம் இருந்தால் புல எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா கிரயம் வாங்கியதா, வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய மதிப்பு எல்லாம் இருக்கும். முன்பு ஒருமுறை போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இடைப்பட்ட ஐந்தாண்டில் அவரும் குடும்பமும் எப்படி வளர்ந்தார்கள் என்பது வெளிச்சமாகும்.

படிப்பதிலும் நியாயம் வேண்டும். 'ஏழு வழக்கு' என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் வெறுத்துவிடக் கூடாது. தண்ணீர் கேட்டுச் சாலை மறியல் செய்தவர்மீதும் வழக்கு இருக்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் அந்த வகை. 302 கொலை, 307 கொலை முயற்சி, 420 மோசடி. 2024 ஜூலை முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய சட்டத்தின் எண்கள் வரும்; அதில் கொலை 103. நிலுவையில் உள்ள வழக்கு தண்டனையும் ஆகாது. வேட்பாளரைத் தவறாக எடை போடாமல் இருப்பதும் வாக்காளரின் கடமைதான்.

பலரும் கவனிக்காதது ஒன்று இருக்கிறது. பத்திரத்தில் சொன்னது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் புலனாய்வு செய்வதில்லை. பரிசீலனையின்போது, கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, கையெழுத்து சரியா என்றுதான் பார்க்கிறார். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் பொய்யை யாராவது சுட்டிக்காட்டினால்தானே அது வேலை செய்யும்? மறைத்த தோப்பு எந்த ஊரில் இருக்கிறது, கல்குவாரி யார் பெயரில் ஓடுகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

இந்தப் பாரத்தைப் பதினெட்டு வயதின் தோளில் ஏற்றுவது நியாயமா என்றும் கேட்கலாம். பெரியவர்கள் செய்யாததைப் பிள்ளைகளிடம் கேட்பது கூச்சம் தரும் விஷயம்தான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். நாள் முழுக்க நூறு நாள் வேலையில் நிற்கும் தாயால் பிடிஎஃப்பைத் திறந்து பார்க்க முடியாது, மகளால் முடியும். முடிந்தவருக்குக் கடமை கூடுதல். பட்டுவாடா ரூபாய் வீட்டுக்கு வரும் இரவில், அந்தத் தாய்க்குத் துணை நிற்கக்கூடியதும் மகள் படித்துச் சொன்ன விவரம்தான்.

வேட்புமனுவை வாபஸ் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்கிறது. அதில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். தொகுதியின் முக்கிய வேட்பாளர்களின் பத்திரங்களை இறக்கி, வீட்டாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவர்கள் முடிவு செய்யட்டும்.