பட்டியலை எழுதியது யார்?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகத் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். அதில் ஆடுபவள் முடிவெடுக்க ஒன்றுமில்லை. தாயக்கட்டை உருள்கிறது, விழுந்த எண்ணுக்குக் காய் நகர்கிறது. ஆனாலும் பலகை நீதி பேசுகிறது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். கட்டை உருண்டதால் இறங்கியவளைப் பாவத்தால் இறங்கியவள் என்கிறது. கணவனை இழந்தவளிடமும் பிள்ளை பெறாதவளிடமும் ஊர் போட்ட கணக்கு இதுவே. நடந்தது தற்செயல், பழி அவள்மீது.

கணினி விளையாட்டுகளில் வளர்ந்த ஊடாட்டப் புனைவு இதற்கு நேர் எதிரானதாகத் தோன்றும். படித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் கதை நின்று, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறது. இரண்டு மூன்று வழிகள் திரையில் வருகின்றன. நாம் தொட்ட வழியில் கதை நகர்கிறது. ஜேனட் முர்ரே 1997இல் வெளியான ‘ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்’ நூலில் இந்த இன்பத்தைச் செயலாண்மை என்ற கருத்தால் விளக்கினார். பொருளுள்ள ஒரு செயலைச் செய்து, நம் முடிவின் விளைவை நாமே காணும் நிறைவு அது.

அந்த நிறைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறர் முடிவுகளுக்கு நடுவே வளரும் பெண்ணுக்கு, தன் சொல்லால் கதை திரும்புவதைப் பார்ப்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் எல்லாக் கிளைகளையும் முன்கூட்டியே எழுதி வைத்தவர் வேறொருவர். அப்படியிருக்க, அவற்றில் ஒன்றைத் தொட்டதற்கு நான் எவ்வளவு பொறுப்பு?

டெல்டாவில் இந்தக் கேள்வி விளையாட்டோடு முடிவதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டில் குறுவை சுருங்குகிறது. நடவு குறைந்தால் நடவுப் பெண்களின் கூலி நாட்களும் குறையும். அந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன: உடனே கல்யாணம், அல்லது பஞ்சாலை. தமிழகப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது நமக்குத் தெரியும். சில ஆண்டுகள் விடுதியில் அடைபட்டு உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். இடையில் உடல்நிலை கெட்டு வெளியேறினால் அந்தப் பணமும் கேள்விக்குறி. அப்போது சொல்வார்கள்: “அவளே விரும்பித்தானே கையெழுத்துப் போட்டாள்?” பரமபதம் தெரிவே தராமல் பழி போடுகிறது. இவர்கள் ஒரு தெரிவைக் கொடுத்துவிட்டு அதன் பெயரில் பழி போடுகிறார்கள். இரண்டாவதில் மறுத்துப் பேசுவது இன்னும் கடினம். அவள் கையெழுத்தே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது.

2013இல் ஸோயி க்வின் வேறு இருவருடன் சேர்ந்து உருவாக்கிய ‘டிப்ரெஷன் குவெஸ்ட்’ இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனச்சோர்வில் இருக்கும் ஒருவரின் அன்றாடத்தை வாசிப்பவர் ஆட வேண்டும். நண்பர்களோடு வெளியே போ, மனம்விட்டுப் பேசு போன்ற நல்ல வழிகளும் திரையில் இருக்கின்றன. ஆனால் அவற்றின்மேல் கோடு போடப்பட்டிருக்கிறது. படிக்கலாம், தொட முடியாது. எழுந்து குளித்துவிட்டு வெளியே போனால் சரியாகிவிடும் என்று அறிவுரை சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. அந்த வழி இருப்பது அவளுக்கும் தெரியும், அது அவளுக்குத் திறந்திருக்கவில்லை.

அப்படியானால் பெண்களின் தெரிவு எல்லாம் பொய்யா? அப்படிச் சொன்னால் அவளை மறுபடியும் பரமபதக் காயாக்கிவிடுவோம். பஞ்சாலைக்குப் போனவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கணக்கிட்டே போயிருக்கலாம். அந்தக் கணக்கை மதிக்க வேண்டும். மதிப்பது வேறு, பட்டியலை எழுதியவர்களின் பொறுப்பை அவள் தலையில் கட்டுவது வேறு.

பட்டியலில் இல்லாததைக் கேட்டவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர்களுக்கு மிராசுதார்கள் வைத்த வழி, செங்கொடிச் சங்கத்தை விட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர்வது. அவர்கள் சேரவில்லை. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆட்டத்தில் தவறான வழியைத் தொட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். வெண்மணிக்கு அது இல்லை. ‘பெண்கள் துணிந்து எதிர்த்திருக்கலாமே’ என்று எளிதாகச் சொல்பவர்கள், எதிர்ப்பதற்கு என்ன விலை வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் ஒருத்தியின் முடிவை எடைபோடும் முன் மூன்றைக் கேட்கிறேன். வழிகளை வகுத்தது யார்? எந்த வழிகள் கோடு போட்டு அடைக்கப்பட்டிருந்தன? விளைவை யார் சுமக்கிறார்கள்?

மாணவிகள் இதை எழுதியே பார்க்கலாம். ‘ட்வைன்’ இலவசமாகக் கிடைக்கும் கருவி. நிரல் தெரியாமலே அதில் கிளைக்கதை எழுதலாம், தமிழிலும் எழுதலாம். பஞ்சாலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் திறந்திருந்த வழிகளோடு அடைபட்டவற்றையும் எழுதி, ஒவ்வொன்றின்மேலும் கோடு போடுங்கள். பக்கத்திலேயே அந்தக் கோட்டைப் போட்டது எது என்றும் எழுதுங்கள்: வராத தண்ணீர், கல்லூரிக் கட்டணம், மாலைக்குப் பின் ஓடாத பேருந்து, அப்பாவின் கடன், சாதி.