குற்றாலநாதருக்குக் கஷாயம்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், அருவியின் குளிர்ச்சி சுவாமியை வருத்தாதிருக்க வேண்டுமென்று, திருக்குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலத்தால் அபிஷேகம் செய்வதும், சுக்கு முதலிய சரக்குகளை இட்டுக் காய்ச்சிய கஷாயத்தை நிவேதிப்பதும் நெடுங்கால வழக்கம். பிணியும் மூப்பும் அற்றவனுக்கு மருந்து எதற்கு என்று வியப்பவர், தேகத்தைப் பேணுவது ஆத்ம சாதனைக்குத் துணையா, இடையூறா என்ற பழைய வினாவையே வேறொரு வாயிலில் நின்று கேட்கிறார்.

தேகம் அநித்தியம் என்று அதை வாட்டி வருத்திய துறவியரும் உண்டு. அதையே இறைவன் உறையும் கோயிலாகக் கண்ட திருமூலரும் உண்டு. தைத்திரீய உபநிஷதம் ஆத்மாவைச் சூழ்ந்த கோசங்களுள் முதலாவதை அன்னமயம் என்றே வகுத்தது. திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் நெறிக்கே அளித்தார்.

விழுந்து வணங்க இடுப்பு வளைய வேண்டும். பத்மாசனத்தில் அமர முழங்கால் மடங்க வேண்டும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களுக்கும், தசையை எலும்போடு சேர்க்கும் நாண்களுக்கும் ஆதாரமான கொலாஜன் என்னும் புரதம் செவ்வனே உருவாக வைட்டமின் சி இன்றியமையாதது. அது நெடுநாள் குறைந்தால் ஸ்கர்வி நோய் கண்டு, ஈறு கசிந்து, மூட்டு நோகும். நெல்லிக்கனியில் அச்சத்து மிகுதி. உடல் தன் புரதங்களை ஆக்கிக்கொள்ள வேண்டிய மூலப்பொருளைப் பயறும் பாலும் தருகின்றன. தசை சுருங்கித் தளர்வதற்கு உதவும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கேழ்வரகில் உள்ளன. ஆயினும், எத்தனை நெல்லிக்கனி உண்டாலும், அசையாது அமர்ந்திருப்பவனுடைய முழங்கால் இளகுவதில்லை. ஆகாரம் உறுப்பை ஆக்கித் தருகிறது, அப்பியாசமே அதை வளையப் பழக்குகிறது.

மேனிக்குத் தைலமும் உள்ளுக்குக் கஷாயமும் ஏற்கும் அதே தலத்தில், பஞ்ச சபைகளுள் ஒன்றான சித்திரசபையில், ஆடவல்லான் ஓவியத் திருவுருவாய் எழுந்தருளியிருப்பதை இங்கே நினைக்கத் தகும். பேணப்பட்ட உடம்பு தொழிலில் ஈடுபட்டே நிறைவு பெறுகிறது என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

ஆகவே, நல்லாகாரம் கடமையேயன்றிப் புண்ணியமாகாது. மூப்பினால் வளையாத முதுகு பக்திக்குக் குறையுமாகாது. உடம்பு வழிபாட்டுக் கருவி என்று ஒப்புக்கொண்டோமானால், பசித்தவனுடைய உடம்பும் அத்தகையதே என்பதை மறுக்க வழியில்லை. 1867-ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவி அன்னமிட்டதை வெறும் ஈகை என்று மட்டும் கருதாமல், வழிபாடென்றே கொள்ள வேண்டும். தன் மூட்டுக்குச் சத்துத் தேடி, அண்டை வீட்டின் பசியை மறந்தவன், எவ்வளவு அழகாக வளைந்து வணங்கினாலும், சரீரத்தை மட்டுமே பேணியவனாவான்.