சும்மா கிடக்கும் இடம்

கம்ப்யூட்டர் செத்துப்போனால் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க உதவும் மென்பொருளில் செய்யப்படும் மாற்றங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் இப்படித்தான் சொல்கிறேன். பழவேற்காட்டில் என் பெரியம்மா, "அப்போ நீ பொணத்த அறுக்கிற டாக்டரா?" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த நேர்காணலிலும் சொன்னதில்லை.

ஒரு சர்வரின் அடித்தளத்தில் கர்னல் என்றொரு மென்பொருள் ஓடுகிறது. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது முறை என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். அது விழுந்தால் மொத்தமும் நின்றுவிடும். விழுந்த கணத்தில் நினைவகத்தில் என்னென்ன இருந்தன என்பதை அப்படியே எடுத்துவைத்தால்தான் பின்னால் காரணம் தேட முடியும். அந்தப் பிரதிக்குக் கிராஷ் டம்ப் என்று பெயர். அதை யார் எடுப்பது என்பதுதான் பழைய சிக்கல். முன்பெல்லாம் விழுந்துகொண்டிருக்கும் கர்னலே எடுக்க வேண்டியிருந்தது. சாகக் கிடப்பவரையே பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதச் சொல்வதுபோல. எந்த உறுப்பு கெட்டதோ அதை வைத்தே எழுதவேண்டியிருந்தால் அறிக்கையை எப்படி நம்புவது?

இதற்குக் கிடைத்த விடை கேடம்ப். ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்களான விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோரும் அமெரிக்காவின் எரிக் பீடர்மனும் 2005இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். அதே ஆண்டு லினக்ஸ் 2.6.13இல் அது சேர்ந்தது. யோசனை எளிமையானது. இயந்திரம் நல்லபடியாகத் தொடங்கும்போதே கொஞ்சம் நினைவகத்தை, 256 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியே ஒதுக்கிவிட வேண்டும். அதற்குள் இன்னொரு சிறிய கர்னலை ஏற்றி வைத்துவிட வேண்டும். முதல் கர்னல் அந்த இடத்தைத் தொடாது. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் தொடாது. முதல் கர்னல் விழும் நாளில் உள்ளே காத்திருக்கும் இரண்டாவது எழுந்து, சுற்றிலும் கிடப்பதைப் பார்த்து எழுதிவைக்கும். பெரும்பாலான இயந்திரங்களில் அந்த நாள் வருவதே இல்லை. இடம் சும்மாவே கிடக்கும்.

இதைப் படித்து முடித்தபோது எனக்கு அம்மாவின் அரிசிப் பானைதான் ஞாபகம் வந்தது.

அம்மா மீன் விற்றவர். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையோடு பொன்னேரி பஸ் ஏறுவார். அப்பா வேறொருவர் படகில் ஆள். அரிசிப் பானையின் அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பணம் இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் செலவுக்குக் கேட்டபோதும் அதிலிருந்து எடுக்கவில்லை, வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. சும்மாதானே கிடக்கிறது என்றேன். "சும்மா கெடக்கணும்னுதான் வெச்சிகீறேன்" என்றார்.

ஏன் ஒளித்து வைக்கவேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஏரியைப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. வலிமையுள்ளவன் மட்டுமே எப்போதும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கிற, யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆய்வாளர்கள் பலர் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதும்தான். ஆனால் பாடு குறிப்பிட்ட சாதியின், குறிப்பிட்ட குப்பங்களின் ஆண்களுக்கு மட்டும். சேற்றில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குப் பாடு இல்லை. ஏலம் எடுக்கிற என் அம்மாவுக்கும் இல்லை. முறை வரும் என்று காத்திருக்க ஒரு பட்டியலில் பெயர் இல்லாதவர், தனக்கான ஒதுக்கீட்டைத் தானே பானைக்குள் செய்துகொள்கிறார்.

இப்போது மாற்றத்துக்கு வருகிறேன். 256 எம்பி என்பது ஒரு இயந்திரத்தில் பெரிதல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்களில் அது சும்மா கிடந்தால் பணம். அதனால் "ஒதுக்கிய இடத்தை அதுவரை வேறு யாருக்காவது பயன்படக் கொடுத்தால் என்ன?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழும். ஐபிஎம்மின் பவர் இயந்திரங்களுக்கு மகேஷ் சல்கோங்கர் 2018இல் இப்படியொரு மாற்றம் செய்தார். பொதுவான கேடம்பிற்கு சூசே நிறுவனத்தின் ஜிரி போஹாச் எழுதிய மாற்றம் 2025இல் லினக்ஸ் 6.17இல் சேர்ந்தது. இதை எங்கள் இயந்திரங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வந்தது.

இரண்டும் சிஎம்ஏ என்ற பழைய வசதியைப் பயன்படுத்துகின்றன. கர்னல் தன் நினைவகப் பக்கங்களை நகர்த்தக்கூடியவை, நகர்த்தக்கூடாதவை என்று பிரித்துப் பார்க்கும். கர்னலின் சொந்தக் கணக்குவழக்குகள் பெரும்பாலும் நகர்த்தக்கூடாதவை. பயனர்கள் ஓட்டும் நிரல்களின் பக்கங்கள் நகர்த்தக்கூடியவை. ஒதுக்கிய இடத்தில் இந்த இரண்டாம் வகையை மட்டும் குடிவைக்கலாம். சாதாரண நாளில் இடத்தின் சொந்தக்காரர் கேட்டால், குடியிருக்கும் பக்கம் வேறிடத்துக்குப் பத்திரமாக மாற்றப்படும். ஆனால் கர்னல் விழுகிற நாளில் மாற்ற நேரமில்லை. இரண்டாவது கர்னல் எழுந்து அவற்றின் மேலேயே நடந்துபோகும். யார் இருந்தார்கள் என்பதும் அதோடு அழியும். (ஏதாவது கருவி இன்னும் அந்தப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் பத்து விநாடி காத்திருந்துவிட்டுத்தான் எழும். அந்தக் காத்திருப்பு கருவிக்காக, குடியிருப்பவருக்காக அல்ல.)

நகர்த்தக்கூடியவை என்ற சொல்லில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1969இல் அந்தத் தீவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது அங்கே யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நகர்த்தப்பட்டார்கள். ராக்கெட் மேலே போகும்போது நாங்களும் கரையில் நின்று கைதட்டியிருக்கிறோம்.

இந்த மாற்றத்தை நியாயப்படுத்தும் வாதம் இது: பயனர் பக்கங்கள் அழிந்தால் பரவாயில்லை, ஏனென்றால் அவற்றை எப்படியும் யாரும் எடுத்துவைப்பதில்லை. இது பொய்யில்லை. டம்ப் எடுக்கும்போது அளவைக் குறைக்க மேக்டம்ப்ஃபைல் என்ற கருவியை எல்லோரும் பயன்படுத்துகிறோம். வெற்றுப் பக்கங்களுக்கு 1, தற்காலிகச் சேமிப்பு வகைகளுக்கு 2, 4, பயனர் பக்கங்களுக்கு 8, காலி இடத்துக்கு 16. வேண்டாதவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் விடு என்றால் 31. எங்கும் 31தான் வழக்கம். வெற்றிடமும் காலி இடமும் வாழ்ந்தவர்களும் ஒரே கூட்டலில் போய்விடுகிறார்கள். மிஞ்சுவது ஆட்சி செய்தவரின் கணக்கு மட்டும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படம் எடுப்பார்கள். 17ஆம் நூற்றாண்டு அதிகாரிகள், வணிகர்கள், அவர்கள் குடும்பத்தினர் பெயர்கள் கல்லில் அழகாக நிற்கின்றன. அதே நூற்றாண்டில் இதே கரையிலிருந்து டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியவர்களுக்குக் கல் இல்லை. யாரும் எடுத்துவைக்கவில்லை.

"யாரும் எடுத்துவைப்பதில்லை, அதனால் அழிந்தால் பரவாயில்லை" என்ற வாதம் தன் வாலையே கடித்துக்கொள்வதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. சுனாமிக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர் கையில் ஒரு தாள் இருந்தது. படகு உண்டா, வலை உண்டா, இன்ஜின் உண்டா என்று கேட்டார். எங்களுக்கு மூன்றும் இல்லை. கரையில் காயப்போட்டிருந்த கருவாடு, தராசு, அலுமினியக் கூடை, பொன்னேரியில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று அம்மா என்னை எழுதவைத்த நோட்டு, எல்லாம் போயிருந்தன. தாளில் அதற்கு இடமில்லை. நட்டம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்தமுறை யாராவது புதிய தாள் தயாரிக்க உட்கார்ந்தால், மீன் விற்கும் பெண்களுக்கு நட்டம் வந்ததாகப் பழைய பதிவு எதுவும் இல்லை என்று பார்த்து, இந்த முறையும் அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம்.

யாராவது பிரித்து எண்ணினால் வேறொன்று தெரிகிறது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள், அங்கே அலை பெரிதாகத் தெரியவில்லை. பெண்கள் படகுகளை எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள். மொத்தம் 537 என்று மட்டும் எழுதியிருந்தால் அது கடலின் குற்றமாக முடிந்திருக்கும்.

இவ்வளவு சொன்னபின், பயனர் பக்கங்களையும் எடுத்துவைத்தே ஆகவேண்டும் என்றுதான் நான் முடிவெடுத்திருக்க வேண்டும். முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, வழக்கத்துக்கு மாறாக, முழுமையான டம்ப் ஒன்றைத் திறக்க நேர்ந்தது. கர்னலின் பிழையைத் தேடிக்கொண்டிருந்தவளின் திரையில் யாரோ ஒரு பெண் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்த செய்தி பாதியில் நின்றது. அனுப்புவதற்குள் இயந்திரம் விழுந்திருக்கிறது. அவள் வீட்டைவிட்டு வெளியேறப் போவதாக எழுதியிருந்தாள். அதை நான் படித்திருக்கக் கூடாது. கடவுச்சொற்கள், மருத்துவக் குறிப்புகள், இப்படிப்பட்ட பாதிச் செய்திகள், எல்லாம் பயனர் பக்கங்களில்தான் கிடக்கும். 8 என்ற அந்த எண் அவற்றை என்னைப் போன்றவர்களின் கண்ணிலிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வந்தவர், ரொக்கம் ஏதாவது போனதா என்றும் கேட்டார். பானையோடு பணமும் போயிருந்தது. அம்மா இல்லை என்றார். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆக, "நட்டம் இல்லை" என்ற அந்த வரியில் ஒரு பாதி தாளைத் தயாரித்தவருடையது, மறுபாதி அம்மாவுடையது. தாளில் இடமில்லாமல் போன கருவாட்டுக்காக இன்றும் கோபப்படுகிறேன். அம்மா சொல்லாமல் விட்ட பணத்துக்காகக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பதிவில் இல்லை என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். யார் விட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. பெண்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்வது பற்றி நாம் பேசும்போது இந்த இரண்டாவது வகையை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா மௌனத்தையும் நாம் போய் மீட்டெடுக்க வேண்டியதில்லை. சிலவற்றை அவர்களே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கர்னலில் இந்த வேறுபாட்டுக்கு இடம் உண்டா? பாதி உண்டு. சல்கோங்கரின் மாற்றத்தில், பயனர் நினைவகமும் டம்பில் வேண்டும் என்பவர் நோசிஎம்ஏ என்று குறித்துப் பழைய முறையிலேயே வைத்துக்கொள்ளலாம். போஹாச்சின் மாற்றமும் கட்டாயமில்லை, கேட்பவர்களுக்கு மட்டும். எதை இழக்கிறோம் என்பதை இருவருமே ஆவணத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்ந்தெடுப்பவர் சர்வரை நிர்வகிப்பவர். எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை இரண்டு முறையிலும் யாரும் கேட்பதில்லை. அவளுடைய பக்கம் எந்த இடத்தில் குடிவைக்கப்பட்டிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது.

மூன்று நாள் வைத்திருந்துவிட்டுப் பதில் எழுதினேன். மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயனர் நிரல் ஒன்று தொங்கிப்போய் அதனால் கர்னல் விழுகிற பழக்கமுள்ள சர்வர்களில் வேண்டாம், அங்கே அழிகிற பக்கத்தில்தான் காரணமே இருக்கக்கூடும். அவற்றில் பழைய ஒதுக்கீடே இருக்கட்டும், அந்த டம்பை யார் திறக்கலாம் என்பதற்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். கடைசியாக ஒரு திருத்தம் கேட்டேன். நாங்கள் உள்ளே எழுதியிருந்த குறிப்பு "பயன்படாத நினைவகத்தை மீட்கிறது" என்று தொடங்கியது. "பயன்படாத" என்ற சொல்லை எடுத்துவிட்டு "விபத்துக்காகக் காத்திருக்கும்" என்று போடச் சொன்னேன்.

உடன் வேலை செய்கிறவர், நல்ல மனிதர், ஒரு சொல்லுக்காக வேலையை நிறுத்தி வைப்பானேன் என்று கேட்டார். நான் அரிசிப் பானையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் யாராவது மீதமிருப்பதையும் எடுத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது, இனி யாரிடம் ஒளிக்க வேண்டும்? பானையில் கைவிட்டு அரிசி அளந்துகொண்டிருந்தபோது விரலில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். "ரெண்டு டம்ளர் போதும்" என்றார்.