அந்தக்கரணப் பிளவும் ஆன்ம ஒருமையும்

யான் என்பது ஒன்றோ பலவோ என்னும் வினா எமக்கு ஏட்டினின்று எழுந்ததன்று. சில ஆண்டுகட்கு முன் எம் வீட்டுத் திண்ணையில் எழுந்தது. உத்தமபாளையத்தில் எம்மிடம் இலக்கணமும் சாத்திரமும் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு நாள் வைகறையிலே வந்தார். சின்னமனூரிற் பேருந்து ஏறியது நினைவிலிருக்கின்றது என்றும், அதன்பின் குமுளி மலைச்சாலையோரத்தில் நின்றதே நினைவு என்றும், இடைப்பட்ட நாழிகைகள் எங்கே போயின என்று தெரியவில்லை என்றும் கூறினார். தம் குறிப்பேட்டில் தாம் எழுதியதாக நினைவில்லாத வரிகள் காணப்படுகின்றன. சில வேளை தம் கையே பிறன் கைபோலத் தோன்றுகின்றது. ‘ஐயா, என்னுள் வேறொருவர் இருக்கின்றாரோ?’ என்று கேட்டுத் தலை கவிழ்ந்தார்.

யாம் திருநீறு அளித்து, ஐந்தெழுத்தை ஓதிவருமாறு கூறி அனுப்பிவிட்டோம். ஓதச் சொன்னது பிழையன்று. அவ்வளவில் நிறுத்தியதே எம் பிழை. வீட்டார் அவரைக் கோடாங்கியிடம் கொண்டு சென்றனர். உடுக்கொலியும் அடியும் அவர் அச்சத்தைப் பெருக்கினவேயன்றிக் குறைத்தில. இரண்டாண்டு இங்ஙனம் வீணாயிற்று.

மேனாட்டு மருத்துவர் இந்நிலையை ‘டிஸ்ஸோஸியேஷன்’ என்பர். நினைவு, உணர்ச்சி, உடலுணர்வு, தன்னுணர்வு ஆகியவை ஒன்றோடொன்று இயைந்து நில்லாமல் விலகிப்போதல் என்பது அதன் பொருள். பிரான்சு தேயத்துப் பியேர் ழானே என்பார் 1889இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்தாராய்ந்தார். சிலர்க்கு நினைவு இடையிடையே அறும். சிலர்க்கு உலகம் திரையில் எழுதிய ஓவியம்போல் உயிரற்றுத் தோன்றும். சிலர்பால் வேறு பெயரும் வேறு குரலும் கொண்ட நிலைகள் மாறி மாறி வரும். இளமையிற் பட்ட பொறுத்தற்கரிய கொடுமை பலரிடத்து இதற்குக் காரணமாதல் கண்டிருக்கின்றனர்.

ஈண்டு நம்மவர்க்கு ஓர் ஐயம் எழும். வீரபாண்டிக் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி அருள்வந்து ஆடுவோர் எல்லாரும் நோயாளரோ எனின், அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்பு நூலின் பதினோராம் பதிப்பு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. சமய வழக்காக ஊரார் ஏற்றுக்கொண்ட ஆவேசத்தை அது நோயெனக் கொள்ளவில்லை. விரும்பாதபோதும் வந்து, துன்பந்தந்து, வாழ்க்கையைக் குலைப்பதனையே நோய் என்கின்றது.

இனி, சாத்திரத்தை நோக்குவோம். தன்னுணர்வு பலவாகப் பிளந்தவழி ஆன்மாவும் பலவாயிற்றோ? அன்று. அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல என்பதும், ஆன்மா அவற்றோடு கூடி, அமைச்சரோடு கூடிய அரசனைப்போல நிற்கும் என்பதும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. அவ்வுவமையை யாம் சற்றே நீட்டுகின்றோம். அரசன் தாங்கமாட்டாத கொடுஞ்செய்தி ஒன்று வருகின்றது. அமைச்சருள் ஒருவன் அதனை அரசனுக்கும் பிற அமைச்சர்க்கும் அறிவியாது தன் அறையிற் பூட்டி வைக்கின்றான். அன்று அது காவலாயிற்று. ஆண்டுகள் பல கழிந்தும் அவன் அறையைத் திறவாமையின், அரசாணை பாதி நாடு செல்லாதாயிற்று. அமைச்சர் பிளந்தமையால் அரசர் இருவராயினர் என்பார் யார்? முல்லைப் பெரியாற்று நீரும் 1895இல் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற் புகுந்தபின் பல பெயர்பெற்று வையையிற் கலக்கின்றது, நீர் ஒன்றே.

அற்றேல், அறிவோன் ஒருவனேயாயின், இழந்த நாழிகைகளை அவன் தானே அறியாமை என்னை? ஆன்மா தானே அறிவதன்று. கருவிகளின் வாயிலாக, அறிவிக்க அறிவது. கண் தன்னைத் தான் காணாதவாறுபோல, கருவி மறைத்ததனை அக்கருவிகொண்டே காண்டல் கூடாது. ஆகலின், பிறர் ஒருவரிடஞ் சென்று ‘எனக்கு இன்னது நிகழ்கின்றது’ என்று சொல்லுதல் நம் கொள்கைக்கு மாறன்று, கொள்கையினின்றே பெறப்படுவது.

மடங்களில் உறைவோர்க்கு ஒன்று தனியே கூறவேண்டும். ‘இவ்வுடல் யானன்று’ எனக் காண்பது தத்துவ சுத்தியன்றோ, அதனை நோயென்று மருத்துவரிடஞ் சொல்வதோ என மாணாக்கர் சிலர் வாளாவிருத்தல் கூடும். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒத்தன, அகத்தில் வேறு. சாதனத்தில் விளைவது குருமுகமாக, தெளிவோடு, விரும்பி நிற்கும் நிலை. அதில் அன்பு பெருகும். நோயில் வருவது அழையாது வந்து, அன்பை மரத்துப்போகச் செய்து, அச்சத்தை விட்டுச் செல்வது. தாயின் முகம் அயலார் முகமாகத் தோன்றுகின்றது என்று ஒருவன் அழுதால், அவனை ஞானி என்று வாழ்த்துதல் கொடுமை. இரவெல்லாம் விழித்துச் செபித்தார்க்கும் இத்தகைய மயக்கம் சிறிது நேரம் வருதல் உண்டு; உறங்கி எழ அது நீங்கும். நீங்காது தொடர்வதனையே யாம் குறிக்கின்றோம்.

பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும், மருந்து எதற்கு என்பார்க்கு விடை சுருக்கமானது: பசியும் பிராரத்தமே, உண்ணாதிருக்கின்றோமா?

வெட்கம் என்பதோ பெருந்தடை. தருமசேனராய் உயர்ந்த பீடத்திலிருந்த மருணீக்கியார் சூலை கண்டபோது தம் மதிப்பை எண்ணி மறைத்திலர். மடைப்பள்ளியாள் ஒருவரைத் திருவதிகைக்குத் தமக்கையாரிடம் விடுத்தார். அவர்க்கு இறைவன் நோய் தீர்த்த வகை எல்லார்க்கும் விதியாகாது. திலகவதியாரிடம் செய்தி சொல்லி விடுத்தாரே, அதுவே யாம் ஈண்டுக் கொள்ளும் பகுதி.

சொல்லாமையும் காலந்தாழ்த்தலும் எங்கே கொண்டு விடும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கே மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியிற் பிணிப்புண்டிருந்தமையின் ஓட இயலாது வெந்தவர் அவர். அது பிற சமயத்தார் தலம் என்று நாம் ஒதுங்குதல் தகாது. நம் கோயில்களிலும் பித்தரைப் பிணித்து வைத்த வழக்கம் இருந்ததே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையானும் சங்கிலியிடுதலை விலக்கியுள்ளது. நோயாளர் செய்தியை மறையாகக் காக்கவும் விதித்துள்ளது. ஏர்வாடித் தர்காவிலேயே வேண்டுதலுக்கு வருவோர்க்கு மருந்தும் கிடைக்க அரசு பின்னர் வழிசெய்தது. நீறும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

நம் இளைஞர் ஈற்றில் தாமே துணிந்து, தாயாருடன் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றார். நினைவிழந்த நாட்களையும், அவ்வவ்வேளை உண்டது உறங்கியதையும், முன்பு தலையில் அடிபட்டதுண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சென்றார். அது பெரிதும் பயன்பட்டது. ஏனெனில் ஐயம் துணிபன்று. வலிப்பு முதலிய நோய்களும் இங்ஙனமே நினைவை அறுக்குமாதலின் மருத்துவர் முதலில் அவற்றை ஆராய்ந்து விலக்குவர். நினைவுப் பிளவைத் தானே தீர்க்கும் மருந்து என ஒன்று இல்லை. உடன்வரும் துயரத்துக்கும் அச்சத்துக்குமே மருந்து தருவர். முதன்மையான சிகிச்சை பயின்றாரோடு பலநாள் அமர்ந்து பேசுதல். பழைய கொடுமையை முதல்நாளே சொல்லவேண்டுவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பின் அதனை மட்டும் முதலிலேயே சொல்லவேண்டும். நேரிற் செல்லக் கூசுவார், 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கோடாங்கியிடம் மீளவும் அழைத்துச் செல்ல உறவினர் முயன்றபோது, அவர் தாயார் எம்மிடம் வந்து, ‘நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள்’ என்றார். இம்முறை சென்று சொன்னோம். இளைஞர்க்கு இன்னும் சில வேளை அரை நாழிகை தவறுகின்றது. தவறிய நேரத்தைக் குறிப்பேட்டிற் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுகின்றார்.