இல்லை என்று எழுதியது யார்?

நடந்த கொடுமையை நடக்கவே இல்லை என்று சொல்வது குற்றமா? அப்படிச் சொல்கிறவனைச் சிறையில் போடலாமா? முடிச்சூரில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கிற எங்கள் தோழர்களிடையே கொஞ்ச நாளாக இந்த விவாதம் சூடாக நடக்கிறது. காலேஜில் படிக்கிற தம்பி ஒருவர்தான் ஆரம்பித்து வைத்தார். “ஏன்ணே, வாச்சாத்தியில ஒன்னுமே நடக்கல, எல்லாம் கட்டுன கதைன்னு ஒருத்தன் மைக் புடிச்சிப் பேசறான். இவன உள்ள தள்ள ஒரு சட்டம் வேணாவா?”

அந்தக் கோபம் நியாயமானது. உலகத்தில் அப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கவும் செய்கின்றன. யூதர்களை நாஜிகள் கொன்றொழித்ததை மறுப்பது பிரான்சில் 1990 முதல் குற்றம். ஜெர்மனி 1994ல் அதைத் தன் தண்டனைச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவைத்தது. கனடாவில் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியை மறக்கடித்தார்கள். 2008ல் பிரதமரே மன்னிப்புக் கேட்ட பிறகும், “கொடுமை என்ன கொடுமை, படிப்புத்தானே கொடுத்தார்கள்” என்று பேசுகிறவர்கள் அங்கே உண்டு. அந்தப் பேச்சைக் குற்றமாக்க 2024ல் ஒரு பூர்வகுடிப் பெண் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 2025ல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் அது காலாவதியாகிவிட்டது.

ஆனால் நம்ம கதைக்கு வந்தால் வேறொரு கேள்வி குறுக்கே நிற்கிறது. இங்கே மறுத்தது யார்?

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த ஆதிவாசி ஊருக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள். ஆடு, கோழிகளை அடித்துத் தின்றார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்று சொன்னது டீக்கடையில் உட்கார்ந்திருந்த எவனோ அல்ல, அரசாங்கம். அடிபட்ட சனத்துக்குச் சந்தனக் கடத்தல்காரர் என்று பேரெழுதியது அரசாங்கத்தின் பேனா. 1995ல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. மீதி 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மறுப்பு சம்பாதித்துக் கொடுப்பது இதைத்தான்: 19 வருஷ அவகாசம்.

எங்கள் செங்கல்பட்டுச் சீமையிலும் மறுப்பு ரெக்கார்டுக்குள்தான் இருக்கிறது. 1891ல் இந்த மாவட்டத்துக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் அல்லாதவருக்கு அந்த நிலத்தை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில்? “ஏரிக்கு அந்தாண்ட நம்ம நெலம் இருந்துச்சுடா” என்று எங்க ஆயா சாகிறவரைக்கும் சொல்லும். போய்க் கேட்ட ஆபீசில், “அப்படி ஒரு நெலமே இல்ல” என்றார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள்.

மறுக்கிற கையிலேயே இன்னொரு சட்டத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? துருக்கியைப் பாருங்கள். 1915ல் ஆர்மீனியர்கள் கொன்றழிக்கப்பட்டதைத் துருக்கி அரசு இனப்படுகொலை என்று இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. அதைப் பற்றி எழுதிய ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க், துருக்கியரை இழிவுபடுத்தினார் என்று 2005ல் தண்டிக்கப்பட்டார். 2007ல் சுட்டுக் கொல்லப்பட்டார். எது வரலாறு, எது அவதூறு என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் பக்கம்தான் சட்டம் சாயும். நம் சனம் பட்டதைச் சாதிப் பெயர் சொல்லி எழுதினால், ‘இரு பிரிவினரிடையே பகையை மூட்டுகிறான்’ என்று சொல்ல இங்கே ஏற்கெனவே ஒரு பிரிவு இருக்கிறது. இன்னொன்றையும் நாமே கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

அப்படியானால் பேசுகிறவன் பேசட்டும், கருத்தைக் கருத்தால் சந்திப்போம் என்று விட்டுவிடலாமா? அதுவும் சொகுசுப் பேச்சுதான். பத்திரிகையும் மைக்கும் கையில் வைத்திருப்பவனுக்கு அது சுலபம். நம்மிடம் சாட்சி மட்டும்தான் இருக்கிறது. சாட்சியைப் பொய்யாக்கினால் நிலம் போகும், நிவாரணம் போகும், வழக்கும் போகும்.

இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம சேரிக்காரர்களே சிலர் அவர்களை எலி பிடிக்கிறவர்கள் என்று எட்டத்தில் நிறுத்துகிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 1976லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்று இருந்தால்தான் முழு மறுவாழ்வு உதவி கிடைக்கும். “இவன் கொத்தடிமை இல்ல, அட்வான்ஸ் வாங்கி வேல செஞ்சவன்” என்று அதிகாரி நினைத்தால் சான்று கிடையாது. பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டால் “நீ இருளர்னு எப்படி நம்பறது?” என்று அலைக்கழிப்பு. இதுவும் வரலாற்று மறுப்புதான். மைக் இல்லாமல், ஒரு கையெழுத்தைப் போடாமலே நடக்கிற மறுப்பு.

ஆகவே நான் கோடு போடுகிற இடம் இது. வாயால் மறுக்கிறவன் வேறு. எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, எழுத மறுக்கிறவன் வேறு. முதல் ஆளை நாம் மேடையில், எழுத்தில், பாட்டில் எதிர்கொள்ளலாம். அடி, கொலை என்று தூண்டிவிட்டால் அதற்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது ஆளைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

அதற்கு விதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, இந்தச் சட்டப்படி செய்யவேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத, எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை சிறை என்கிறது. புகாரைப் பதிவு செய்வது, வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, ஆவணத்தைச் சரியாகத் தயாரிப்பது எல்லாம் அந்தக் கடமைகள் என்று 2015 திருத்தம் பட்டியல் போட்டது. ஆனால் துறை விசாரணை பரிந்துரைத்தால்தான் அவர் மீது வழக்கு. திருடன் கையிலேயே சாவி. இந்தப் பூட்டை உடைக்கச் சொல்லிக் கேட்போம். விடுதலைச் சான்று, சாதிச் சான்று, பஞ்சமி நிலப் பதிவேடு ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.

2023 செப்டம்பர் 29ல் வாச்சாத்தி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த சென்னை உயர்நீதிமன்றம், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருஷம் கழித்தாவது விரல் சரியான திசையில் நீண்டது. நமது கோரிக்கையும் அந்தத் திசையில்தான் போகவேண்டும். மைக் பிடித்துப் பொய் சொல்கிறவனுக்குப் பதில் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. ரிஜிஸ்தரில் எழுதிய பொய்யை அழிக்கத்தான் சட்டம் வேண்டும்.