ஊசியில் நிற்கும் கண்ணிகள்

நம் வீடுகளில் குழந்தை பிறக்கும்வரை அதற்கென்று எதுவும் வாங்குவதில்லை. தொட்டில், சட்டை, கிலுகிலுப்பை எதுவும் கூடாது. பிறந்த பிறகு அப்பாவோ மாமாவோ தாம்பரம் மார்க்கெட்டுக்கோ குரோம்பேட்டைக் கடைகளுக்கோ ஓடுவார்கள். அதுவரை, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பாட்டியின் பருத்திப் புடவையும் தாத்தாவின் பழைய வேட்டியும்தான். வளைகாப்பைக் கவனித்துப் பாருங்கள். வளையல், பூ, கலந்த சாதம் எல்லாம் தாய்க்கு. உள்ளே இருக்கும் குழந்தைக்குக் கிடைப்பது வளையல் சத்தம் மட்டும்தான். அதன் பெயரில் ஒரு பொருள்கூட அந்தக் கூடத்தில் இருக்காது.

குளிர்நாடுகளில் இது நேர் எதிர். கர்ப்பம் உறுதியானதும் ஊசியையும் நூலையும் எடுத்துவிடுகிறார்கள். முதன்முதலாகப் பின்னக் கற்பவர்களில் பலர் கற்பதே ஒரு குழந்தைக்காகத்தான். காரணம் எளிது. உடுப்பு சிறியது, சீக்கிரம் முடியும், கோணல்மாணலாக வந்தாலும் போட்டுக்கொள்பவர் குறை சொல்ல மாட்டார்.

சேலையூரில் இருக்கும் என் தங்கை இப்போது பின்னிக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொடுத்தது எதிர்வீட்டு இமாச்சலப் பெண்மணி. கணவருக்கு விமானப்படையில் வேலை. தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்தும் கை சும்மா இருக்காத பழக்கம், இந்த வெயிலிலும் போகவில்லை. தங்கைக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதலாவது ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அதனால் அவள் மஞ்சள் நூலை எடுத்தபோது அம்மாவின் முகம் மாறியதில் ஆச்சரியமில்லை.

"பொறக்கறதுக்கு முன்னாடி எதுக்கும்மா இதெல்லாம்? வாங்கக்கூட வேணாம்னுதானே சொல்றோம். நீ கையால வேற பண்ணிட்டு இருக்க."

மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட என் படிப்பு என்னைத் தூண்டும். ஆனால் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அது அம்மா தலைமுறை. பாட்டி காலத்தில் இன்னும் மோசம். பிறக்காமலே போனவை இந்தக் கணக்கில் சேராது. அப்படிப்பட்ட ஊரில் தொட்டிலை முன்கூட்டியே கட்டி வைத்தால், வெறும் தொட்டிலைக் கழற்றும் வேலையும் யாராவது ஒருவருக்கு வரும். கண்படும் என்று சொன்னார்கள். உண்மையில் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தது அந்த வெறும் தொட்டில்தான். 2020இல் இந்த எண் நாடு முழுவதற்கும் 28, தமிழ்நாட்டில் 13. எண் இறங்கிவிட்டது, வழக்கம் இறங்கவில்லை. இறங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எபிக்டீடஸ் என்ற ஸ்டோயிக் ஞானி, குழந்தையை முத்தமிடும்போது இது சாகக்கூடிய உயிர் என்று உனக்கே நினைவுபடுத்திக்கொள் என்கிறார். கல்லூரிக் காலத்தில் படித்தபோது, என்ன கல்நெஞ்சம் என்று தோன்றியது. இப்போது பார்த்தால் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். ஒரு வித்தியாசம்: எபிக்டீடஸ் முத்தமிட வேண்டாம் என்று சொல்லவில்லை. நினைவோடு முத்தமிடு என்கிறார். நம் வழக்கமோ முத்தத்தையே தள்ளிப்போடச் சொல்கிறது.

அப்படித் தள்ளிப்போட்டால் துக்கம் குறையுமா? காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவதுபோல், இப்போதைய சந்தோஷத்தில் கொஞ்சம் பிடித்து வைத்தால் நாளைய வலியில் கொஞ்சம் கழியும் என்பதுதான் இதன் உள்வாதம். இதை நான் தங்கையிடம் கேட்கவில்லை. அவளாகவே ஒரு நாள் சொன்னாள். "அப்ப ஒண்ணுமே வாங்கி வெக்கலண்ணா. அதனால வலி கம்மியாவா இருந்துச்சு? எடுத்து வெச்சுப் பாத்து அழறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. அப்படி ஒண்ணு இருந்துச்சுங்கறதுக்கே சாட்சி இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. மேற்கு நாடுகளில் சில மருத்துவமனைகளுக்காக, இறந்தே பிறக்கும் குழந்தைகளுக்கென்று மிகச் சிறிய உடுப்புகளைத் தன்னார்வலர்கள் பின்னித் தருகிறார்கள் என்று முன்பு வாசித்தபோது, இதெல்லாம் எதற்கு என்று கடந்துபோனவன் நான். தங்கை சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் பிடிபட்டது. பொருள் இல்லாத துக்கத்துக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

இனி பின்னலைப் பற்றி. நமக்கு அது அந்நியம் என்று நினைக்கிறோம். ஆனால் திருப்பூரில் இருந்து வரும் பனியன் பின்னல்தான், நெசவு அல்ல. பின்னலாடை என்று பெயரிலேயே இருக்கிறது. நெசவில் பாவும் ஊடுமாக இரண்டு தொகுதி நூல் வேண்டும். கைப்பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பது, அதற்குள் மற்றொன்று. முன்பக்கமாக இழுத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். எத்தனை சிக்கலான ஸ்வெட்டரையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். பூஜ்யத்தையும் ஒன்றையும் வைத்துப் பிழைக்கிற என் போன்றவனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தங்கையைவிட நான்தான் அதிகம் பேசுகிறேன் என்று வீட்டில் புகார். 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்ன இயந்திரம் செய்துவிட்டார். அதாவது, கையால் பின்ன வேண்டிய கட்டாயம் போய் நானூறு வருடம் ஆகிறது.

தங்கை முதலில் செய்வது ஒரு குல்லா. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. பின்னல் இழுபடும் என்பதால் குல்லாவை 32 செ.மீ. அளவில் பின்னலாம். அவள் கையில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி வருகிறது. ஆக 64 கண்ணி. முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்து பார்க்காமல் இந்த எண்ணை நம்பக் கூடாது, ஏனென்றால் ஆளுக்கு ஆள் கையின் இறுக்கம் மாறும். கடையில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் நூல். நம் வேர்வைக்கு அது ஆகாது, பருத்தி நூல்தான் சரி. பொத்தான், ரிப்பன், விரல் மாட்டும் ஓட்டை வேலைப்பாடு எதுவும் வேண்டாம்.

சென்னையில் குல்லா எதற்கு என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, ஈரத்தோடு பிறக்கிறது, சூடு வேகமாகப் போகும். எடை குறைந்தோ மாதம் முந்தியோ பிறந்தால் இது உயிர்ப் பிரச்சினை. தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. அங்கே குழந்தைக்கு டயப்பர் தவிர உடுப்பு என்று இருப்பது குல்லாவும் காலுறையும்தான். வீட்டுக்கு வந்து, மே மாத வெயிலில் தூங்கும் குழந்தைக்குக் குல்லா தேவையில்லை, போடவும் கூடாது. ஆகக்கூடி அதன் ஆயுள் சில நாள்தான்.

இந்தச் சில நாள் வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவது என் தொழில்புத்தி. என் நேரத்தை மணிக்கணக்கில் வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள். ஆந்திராவின் நரசாபூரில் வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்கு உழைத்த அந்தப் பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறவர்கள் என்று சொல்லியே அடிமாட்டுக் கூலி கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். பின்னலை அன்பு என்று பேசும்போதெல்லாம் இது என் நினைவில் இருக்க வேண்டும். அதே சமயம், 2016இல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' குழுவின் பெண்கள் 11,148.5 சதுர மீட்டரில், ஏறத்தாழ இரண்டேமுக்கால் ஏக்கருக்கு, அதுவரை உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வையை உருவாக்கினார்கள். கின்னஸ் சாதனை. தனித்தனிப் போர்வைகளாகச் செய்து இணைத்தது. பிறகு இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்காக நேரத்தைக் கொடுப்பதும், இன்னும் பிறக்காத ஒருவருக்காகக் கொடுப்பதும் ஒரே ஜாதி என்று எனக்குப் படுகிறது. இரண்டிலும் பெறுபவர் நன்றி சொல்ல அங்கே இல்லை.

பின்னலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நெய்த துணியை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். பின்னியதை நுனியைப் பிடித்து இழுத்தால் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து பழையபடி நூல் உருண்டையாகிவிடும், கொஞ்சம் சுருண்ட நூல், அவ்வளவுதான். எபிக்டீடஸ் கேட்ட நினைவு இதன் அமைப்பிலேயே இருக்கிறது. அவிழக்கூடியது என்று தெரிந்துதான் ஒவ்வொரு கண்ணியும் போடப்படுகிறது. தொட்டில் வாங்கி வைப்பதைப் போல, எல்லாம் நல்லபடியாக நடந்தே தீரும் என்ற தோரணை இதில் இல்லை. இதை அம்மாவிடம் விளக்கினேன். காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அவரே ஒரு வழி சொன்னார். "பண்ணு. ஆனா கடைசி வரிசைய முடிக்காத. கொழந்த பொறந்தப்புறம் முடிச்சுக்கலாம்." வழக்கமும் உடையவில்லை, கையும் நிற்கவில்லை. தர்க்கத்தில் இது ஏமாற்றுவேலை. முடிக்காத குல்லாவைக் கண் விட்டுவிடுமா என்ன? ஆனாலும் நானும் எபிக்டீடஸும் சேர்ந்து வராத இடத்துக்கு அவர் வந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். முடிக்காமல் வைப்பது, ஆசைப்படுவதை ஒத்துக்கொள்வது. அதே கையோடு, நம் கையில் எல்லாம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்வது.

இப்போது எட்டாம் மாதம். குல்லாவின் கடைசிக் கண்ணிகள் ஊசியில் நிற்கின்றன. தங்கை இன்னொரு ஜோடி ஊசி வாங்கிக் காலுறை ஆரம்பித்துவிட்டாள், முதல் குதிகாலில் மாட்டிக்கொண்டு மூன்று முறை பிரித்தாகிவிட்டது. நேற்று அம்மா போன் பண்ணினார். அந்த மஞ்சள் நூல் ரெண்டு காலுக்கும் பத்துமா, இல்ல கடைல அதே மஞ்சள் தீர்ந்துபோறதுக்குள்ள இன்னொரு உருண்டை வாங்கி வெச்சுடலாமா என்று கேட்டார்.