கொழுப்பும் ஆணவமும்

உலக வழக்கிற் கொழுப்பு என்னுஞ் சொல் இருபொருள்பட வழங்குகின்றது. உடம்பினுள் நெய்போல் உறைந்து நிற்குங் கட்டு ஒன்று. பிறரை மதியாச் செருக்கு மற்றொன்று. சொல் ஒன்றாயிருத்தல் பற்றிப் பொருளும் ஒன்றெனக் கருதும் மயக்கத்தால், பருத்த உடம்பினனை அடக்கமிலி யென்றும், மெலிந்த உடம்பினனைத் தவசி யென்றுங் கண்ட அளவிலே துணிவார் பலர். இத்துணிபு சித்தாந்த நெறிக்கு ஏற்குமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் முன்னே செல்லுஞ் செங்கம் சாலை கிரிவலப் பாதையின் ஒரு கூறாகும். அதன்வழிச் செல்லும் அடியாருட் பருத்தவர் மூச்சிரைத்து நடக்குங்கால், "தின்றது கரைகின்றது" என்று நகைப்பார் மொழி, அப்பகுதியில் வாழும் எம் செவியிற் பலகால் வீழ்ந்ததுண்டு. ஆதலின் இவ்வாராய்ச்சி வேண்டப்படுவதாயிற்று.

நந்தமிழ் மருத்துவ நூலார் உடற்கட்டுக்களைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என ஏழாக வகுத்தனர். கொழுப்பைக் கழிபொருளாகத் தள்ளாது உடம்பைத் தாங்குவனவற்றுள் ஒன்றாக அவர் கொண்டமை இதனாற் பெறப்படும். இக்கால நூலார் கூறுவதும் அதனோடு முரணாது. ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தரக் கொழுப்போ 9 தருகின்றது. ஆகலின் மிஞ்சியதைச் சிற்றிடத்தில் அடக்கி, உணவில்லா நாளில் எடுத்தளிக்குங் களஞ்சியம் அதுவாம். விழிக்குப் பின்னே மெத்தையாயும், சிறுநீரகங்களைச் சூழ்ந்த காவலாயும், பிறந்த மகவின் தோட்பட்டைகளினிடையே பழுப்பு நிறத்ததாய் வெப்பம் விளைப்பதாயும் நிற்பது அதுவே. குதிகாலில் நார்ச்சுவர்ச் சிற்றறைகளுள் அடைபட்டு, அடிதோறும் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலைவலம் வருவார், மெலிந்தாராயினும் பருத்தாராயினும், கொழுப்பின்மீதே நடந்து வருகின்றனர் என்க.

அன்றியும், களஞ்சியம் நிரம்பியதென மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னுஞ் சுரப்பைக் கொழுப்பே விடுக்கின்றதென்பது 1994-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அச்சுரப்பின்றிப் பிறந்த மக்கள் தணியாப் பசியால் வருந்திப் பருப்பர். அத்தகைய குழந்தை யொன்றிற்கு அதனை மருந்தாக அளித்தபோது பசி தணிந்து உடல் குறைந்தமை 1999-இல் வெளியாயிற்று. அக்குழந்தையின் பசியை நாவடக்கமின்மை யென்று பழித்தார் உளராயின், அப்பழி யாரைச் சாரும்?

இனி, மெலிவு கொழுப்பின்மைக்குச் சான்றாகாமையுங் காண்க. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் உயரத்திற்கேற்ற எடைக் கணக்கில் 22.3 என ஒத்திருந்தனர். ஆயினும் பின்னவர் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, முன்னவர் உடலில் 21.2. இதனை அவர்களே 2004-இல் வெளியிட்டனர். புனேயைச் சார்ந்த சிற்றூர்களிற் பிறக்கும் மகவுகள் ஏறத்தாழ 2.7 கிலோ எடையினவாய் மெலிந்திருந்தும், கொழுப்பிற் குறையாதிருத்தலை யாஜ்னிக் குழுவினர் முன்னரே காட்டினர். கருவிலேயே இவ்வேறுபாடு அமையுமாயின், கண்ணாற் கண்ட பருமை கொண்டு ஒருவர் ஒழுக்கத்தை அளப்பது யாங்ஙனம்?

சித்தாந்தங் கூறுவது தெளிவு. தனு, கரணம், புவனம், போகம் என்பன மாயையின் காரியம். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுங்காறும் விளக்காக இறைவனால் உதவப்பட்டன. செருக்கோ ஆணவத்தின் காரியம். உடற்கொழுப்பைச் செருக்கெனக் கொள்வார், விளக்கிற்கு வார்த்த நெய்யை இருளென்று கொள்வாராவர். கார்த்திகைத் தீப நாளில் மலையுச்சிக் கொப்பரை நெய்யால் நிரம்பியிருத்தல் கண்டு, இருள் மிகுந்ததென்பார் உளரோ?

அற்றேல், காரைக்காலம்மையார் ஊனுடை வனப்பை உதறிப் பேய்வடிவு வேண்டியதென்னை யெனின், அவ்வனப்புக் கணவன்பொருட்டுத் தாங்கியது. அக்கடப்பாடு நீங்கவே அதனை நீக்கினார். ஊனைக் குற்றமெனப் பழித்தாரல்லர். 1896-இற் பாதாளலிங்கத்தில் ரமணர் உடல்நினைவற்று வாடியிருந்ததும் மெலிய வேண்டுமென்று முயன்றதன்று. ஒடுக்கத்தால் மெலிவு வந்தது. மெலிவால் ஒடுக்கம் வந்திலது. பிற்காலத்து அவர் வலியுறுத்தியதும் அளவான சாத்துவிக உணவையே.

அங்ஙனமாயின் வேண்டியவாறு உண்ணலாமோ எனின், அன்று. தோலின்கீழ் அமைந்த கொழுப்புப் பெரும்பாலுந் தீங்கின்றி நிற்ப, வயிற்றினுள் உறுப்புக்களைச் சூழ்ந்து மிகுவது நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழியாகும். நம் நாட்டவர்க்கு இடைச்சுற்று ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரைக் கடத்தலாகாதென மருத்துவர் வரையறுத்தனர். இறைவன் தந்த விளக்கைப் பேணுதல் நங்கடன். அவ்வளவுகோல் நம் உடம்பை நாம் காத்தற்கேயன்றிப் பிறர் தகுதியை எடைபோடுதற்கன்று.

"உண்ணாதிருக்க வல்லேன், இவன்போற் பருத்திலேன்" என்று ஒருவன் உள்ளே மகிழ்வானாயின், உலகங் கொழுப்பென்று இகழ்வது அம்மெலிந்த மார்பினுள்ளேயே உறைகின்றது. அதனை எந்நோன்பும் உருக்காது, திருவருளே உருக்கும். ஆகலின் மூச்சிரைத்து வலம்வரும் அடியாரைக் கண்டுழி, நகையொழித்து வழிவிட்டு வணங்குதல் அன்பர் கடனாம்.